டீத்தரா, ஈரத் துணியா? பல் முளைக்கும் ராத்திரிகளுக்கு எது கைகொடுத்தது

மகளுக்கு ஆறரை மாதத்தில் கீழ்முன்பற்கள் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. ஒரு மணி, மூன்று மணி, நாலரை என்று ராத்திரி முழுக்க எழுந்து அழுவாள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தோம். இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம், எட்டுப் பற்கள். என் ஓட்டு ஈரத் துணிக்குத்தான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் ஒதுக்கியவை. மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும், ஈறை மரத்துப்போக வைக்கும் ஜெல் வேண்டவே வேண்டாம். பென்சோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து கலந்தவை ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றிச் செல்வதையே கெடுத்துவிடக்கூடும் என்பதால் இரண்டு வயதுக்குள் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கோலின் சாலிசிலேட் என்ற வலி மருந்து கலந்த ஜெல்லை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டன் 2009லேயே சொல்லிவிட்டது. அப்படியே தடவினாலும் ஊறும் எச்சிலில் கொஞ்ச நேரத்தில் கரைந்து தொண்டைக்குப் போய்விடும். கையில் கட்டும் வசம்பு வளையமும் அப்படித்தான். அது வாய்க்குள் போகாமல் இருக்காது, நூல் அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். மாமியாருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் கழற்றி வைத்துவிட்டோம்.

மிச்சம் இருப்பது டீத்தர் என்கிற கடிக்கும் பொம்மையும் துணியும். கடிக்கக் கொடுத்து ஈறை அழுத்துவது, குளிர்ச்சி கொடுப்பது என்று இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். குழந்தைக்குக் கிடைக்கும் சுகத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது சுத்தம்.

பல் முளைத்தால் வயிற்றாலே போகும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் 125 குழந்தைகளைத் தினமும் கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2000இல் வந்தது. ஒரு பல் வெளியே வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்வரைதான் தொல்லை என்றது அது. கடிப்பது, ஜொள்ளு, சிணுங்கல், விழித்துக்கொண்டே இருப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பேதியும் வாந்தியும் இல்லை. கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துவரும் வயது. அப்படியானால் வயிறு கெடுவதற்கு வாய்க்குப் போகும் பொருளைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்?

அந்தக் கண்ணோடு பார்த்தபோது டீத்தர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தண்ணீர் நிரப்பிய டீத்தரைக் கொதிக்க வைக்க முடியாது, பல் வந்தபின் கடித்து ஓட்டை போட்டுவிடும் பயமும் உண்டு. அமுக்கினால் சத்தம் வரும் ரப்பர் பொம்மையில் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. எங்களுடையதை வாங்கிய இரண்டாம் மாதத்தில் வெட்டிப் பார்த்தேன். உட்புறம் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரே துண்டாக வார்த்த சிலிக்கான் டீத்தர் மட்டும் உருப்படி. கொதிக்க வைக்கலாம், பல நாள் உழைக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டால், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று கழுவ வேண்டும். கழுவி வருவதற்குள் அவள் முழுசாக விழித்துவிடுவாள். அப்புறம் தூங்க வைக்க ஒரு மணி நேரம்.

துணியில் அந்தப் பாடு இல்லை. ஈரோட்டில் ஈரிழைத் துண்டுக்குப் பஞ்சமா? பலமுறை துவைத்து மெத்தென்று ஆன இரண்டு துண்டுகளை மாமியார் சாண் அளவுக்கு வெட்டி, நூல் பிரியாமல் நான்கு ஓரமும் மடித்துத் தைத்துக் கொடுத்தார். மொத்தம் பன்னிரண்டு. தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், அதன் இழை வாயோடு வந்துவிடுகிறது. சாயம் ஏற்றாத வெள்ளையாக இருந்தால் நல்லது.

சாயங்காலம் கொதித்து ஆறிய தண்ணீரில் நான்கைந்தை ஒரு முனை மட்டும் நனைத்து, பிழிந்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, கல் மாதிரி இறுகிய துணி ஈறைப் புண்ணாக்கும். காய்ந்த முனை அவள் பிடித்துக்கொள்ள, முடிச்சு கடிக்க. கீழே விழுந்தால் எடுக்க வேண்டியதில்லை, டப்பாவிலிருந்து அடுத்தது. காலையில் எல்லாவற்றையும், ராத்திரி எடுக்காமல் மிஞ்சியதையும் சேர்த்து, ஒரு பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வெயிலில் போட்டால் ஆயிற்று. ஈரத்தோடு இரண்டாம் நாளுக்கு வைத்தால் துணியும் நாறும், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. சட்டை நெஞ்சு வரை நனைந்துவிடும், மழைக்காலத்தில் இரண்டு முறை மாற்றினேன். பஸ்ஸில், விசேஷ வீட்டில் சிலிக்கான் டீத்தர்தான் வசதி. முக்கியமாக, கண் செருகியதும் துணியைக் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தூளிக்குள் அது முகத்தோடு கிடக்கவே கூடாது.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒன்று. பாலுக்கு முன் பத்து நிமிடம் முடிச்சைக் கடிக்க விட்டால் மார்பைக் கடிப்பது வெகுவாகக் குறைந்தது. அப்படியும் கடித்தால் பிடித்து இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்துக்கொள்ளுங்கள்.

சரி, தூக்கம்? துணி அழுகையை நிறுத்தியது, முழு ராத்திரித் தூக்கத்தைத் தரவில்லை. அதைத் தந்தது பாராசிட்டமால்தான். டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுத்து, மேல்முன்பற்கள் வந்தபோது இரண்டே ராத்திரி கொடுத்தோம். அளவில் மிகுந்த கவனம் வேண்டும். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கே 120 அல்லது 250 என்று வரும். ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதில் கொடுத்துவிடாதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் பல் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் உடனே தொடங்கிவிடுங்கள்.

எங்கள் தூக்கத்துக்கு உதவியது முறை வைத்துக்கொண்டதுதான். ஒரு மணி வரை கணவர், அப்புறம் நான். என் முறை இல்லாத நேரத்தில் மாமியார் அறையில் போய்ப் படுத்தேன். தொடர்ந்து நான்கு மணி நேரம் கிடைத்தாலே மறுநாள் பகல் வேறு மாதிரி இருந்தது. அவள் பால் கேட்டால் மட்டும் கணவர் என்னை எழுப்புவார்.

இதெல்லாம் முன்பற்களின் அனுபவம். கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் ஈறைத் தூக்குகின்றன. அவ்வளவு உள்ளே முடிச்சு எட்டுமா, இல்லை நீளமான டீத்தர்தான் தேவைப்படுமா என்று இன்னும் பார்க்கவில்லை. மாமியார் மட்டும் இந்த வாரம் இன்னும் ஆறு துண்டு தைத்து வைத்திருக்கிறார்.