நீர்கொழும்பைத் தூங்கிக் கடக்காதீர்கள்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வந்துபோகும் எங்கள் ஆக்களுக்கு நீர்கொழும்பு என்றால் பிளேனுக்கு முதல் நாள் இரவு படுக்கும் ஹொட்டல். கட்டுநாயக்கா விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கி, பெட்டிகளை இன்னொருமுறை நிறுத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து, விடியப்புறம் எழும்பிப் போய்விடுவோம். இந்த முறை வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நின்றபோது ஒரு பகலை நீர்கொழும்புக்கென்றே ஒதுக்கினோம். நான், இவர், பதினாறு வயது மகன். வாய்க்கால் ஓடும் பட்டினத்தையும், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் தூவ என்ற மீன்பிடிக் கிராமத்தையும் பார்ப்பதுதான் திட்டம்.

போய்வந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ஊர்ச்சனம் தங்களுக்கென்று வைத்திருக்கும் ரயில், சந்தை, சோற்றுக்கடை எல்லாம் மலிவு, அதோடு ஒழுங்காகவும் நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று போர்டு மாட்டித் திறந்து வைத்திருப்பவற்றில்தான் தலையிடி.

சித்தி கார் பிடித்துத் தருகிறேன் என்று நின்றா. வேண்டாம் என்று சொல்லி, கொழும்பு கோட்டை நிலையத்தில் புத்தளம் பாதை ரயிலைப் பிடித்தோம். காலையில் சனமெல்லாம் கொழும்புக்கு வேலைக்கு வருகிற நேரம். எதிர்த் திசையில் போகிற எங்களுக்கு மூன்றாம் வகுப்பிலேயே யன்னல் இருக்கை கிடைத்தது. அறிவிப்பு மூன்று மொழியிலும் சொல்கிறார்கள், பெயர்ப் பலகைகளும் அப்படியே. ஆனால் எந்த மேடை என்பது கடைசி நிமிடத்தில் மாறும். பலகையை நம்பி நிற்காமல் அங்கே நிற்கும் ஊழியரைக் கேட்பது நல்லது. றாகம தாண்டியதும் பாதை மேற்கே திரும்பி ஜா-எல, சீதுவை, கட்டுநாயக்கா என்று போகும். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. வடை விற்கிறவர் ஏறி இறங்கினார், மகன் போனை வைத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினான். அதுவே பெரிய வெற்றி.

நிலையத்திலிருந்து மீன் சந்தைக்கு நடந்தே போகலாம், வெயில் ஏறுமுன் என்றால். ஓட்டோ வேண்டுமென்றால் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள். நிலைய வாசலில் நின்றவர் சொன்ன விலைக்கும் செயலி காட்டிய விலைக்கும் இரட்டிப்பு வித்தியாசம். கடற்கரை ஹொட்டல்கள் இருக்கும் பக்கத்தில் மட்டும், ஸ்ராண்டில் நிற்கும் ஓட்டோக்காரருக்குச் செயலி ஓட்டோ கண்ணில் பட்டால் பிடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்று ஏறினால் சண்டை இல்லை.

கோட்டைக்குப் பக்கத்தில்தான் பெரிய மீன் சந்தை, லெல்லம என்பார்கள். கோட்டையைப் பார்க்க அதிக நேரம் தேவையில்லை. போர்த்துக்கேயரிடமிருந்து 1644இல் ஒல்லாந்தர் பிடித்து, 1672இல் திருத்திக் கட்டியது. 1678 என்று பொறித்த வாசல் வளைவு மிஞ்சியிருக்கிறது. உள்ளே இப்போது சிறைச்சாலை. வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

சந்தைக்கு வெள்ளனப் போகவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிகிற தறுவாய், ஆனாலும் பார்க்க நிறைய இருந்தது. நாள்கணக்காகக் கடலில் நின்று வரும் பெரிய படகுகளின் சூரையும் அறக்குளாவும் ஒரு பக்கம், களப்பிலிருந்து வந்த றாலும் நண்டும் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மீனவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர், அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள், சந்தையும் ஓய்ந்து கிடக்கும். நான் மெச்சுவது மீன் வெட்டிக் கொடுக்கிறவர்களை. எங்கே வாங்கினாலும் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். குழம்புக்கா பொரியலுக்கா என்று ஒரே கேள்வி, பிறகு கை வேலை செய்யும். ஸ்காபரோவில் மீன் கடையில் இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டு நின்று, கடைசியில் தலையை எறிந்துவிட்டுத் தருவதை வாங்கி வருகிற எனக்கு, தலையைத் தனியாக இரண்டாகப் பிளந்து பொதி பண்ணித் தந்தவரைப் பார்க்கக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கடற்கரை மணலில் தென்னந்தும்புப் பாய்களை நீளமாக விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மீனைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் தன் அரைகுறைச் சிங்களத்தில் விலை கேட்க, அந்த அம்மா என்னைப் பார்த்து, "மகள், தமிழிலையே கேளுங்கோ" என்றார். இந்தக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவர்கள் பலர் தங்களைச் சிங்களவர் என்றே சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது சிங்களம். ஆனாலும் குடாப்பாடுவ போன்ற இடங்களில் முதியவர்கள் வீட்டில் பேசுவது இன்னமும் ஒரு தமிழ், யாழ்ப்பாணக் காதுக்குக் கொஞ்சம் வேறு இராகத்தில். பிள்ளைகளுக்கு அது போய்க்கொண்டிருக்கிறது. "எந்த நாடு?" என்று கேட்டு, கனடா என்றதும் நன்றாகக் காய்ந்ததை மட்டும் பொறுக்கி, பேப்பரில் பல சுற்றுச் சுற்றித் தந்தார். எங்களைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாவோ. கனடா போய் இறங்கும்போது சுங்கத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் சிக்கல்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது இந்தக் கடலில்தான். பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் குவிந்தன, மீன்பிடிக்கவும் தடை போட்டார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா கையை விரித்துக் காட்டிவிட்டு மீனைப் பிரட்டப் போய்விட்டார்.

இனி வாய்க்கால். எல்லா ஹொட்டல் போர்டிலும் ஒல்லாந்தர் வாய்க்கால் என்றுதான் இருக்கும். இந்தப் பக்கத்து வாய்க்கால்களில் ஒல்லாந்தர் கறுவா ஏற்றிப் போனது உண்மை. நீர்கொழும்புக் கறுவாவுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர். ஆனால் நகரத்துக்குத் தெற்கே களப்பையும் களனி ஆற்றுப் பக்கத்தையும் இணைக்கும் ஹாமில்டன் வாய்க்கால் ஆங்கிலேயர் வெட்டியது. 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள், வருவாய் அதிகாரியாக இருந்த கவின் ஹாமில்டனின் பெயர். முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் ஏறியிருந்த உப்பு நீரை வடிப்பதுதான் நோக்கம். படகு ஓட்டிகளுக்கு இதெல்லாம் தெரியும், கேட்டால் சொல்வார்கள். போர்டு எழுதுகிறவர்களுக்கு ஒல்லாந்தர் என்றால்தான் விற்கும்.

படகுக்கு முதலில் கடற்கரை ஹொட்டல் ஒன்றின் பயண மேசையில் கேட்டோம். ஆளுக்கு ஒரு விலை டொலரில் சொன்னார்கள். கடவுச்சீட்டைப் பார்க்காமலே எங்கள் சப்பாத்தைப் பார்த்து விலை சொல்கிற கலை அது. மகனுக்குப் பாதி விலையா என்றால் இல்லை. எவ்வளவு நேரம் என்றால் "இரண்டு மூன்று மணித்தியாலம்". உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்றால் "எல்லாம் இருக்கு மேடம்". எழுதித் தரச் சொன்னதும் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். சரி என்று எழும்பி வந்துவிட்டோம். களப்புப் பக்கம் இறங்குதுறையில், பகலில் வள்ளம் சும்மா நிற்கும் மீனவர் ஒருவரிடம் நேரே பேசினோம். ஆளுக்கு அல்ல, வள்ளத்துக்கு விலை, அதுவும் ரூபாயில். ஹொட்டல் கேட்டதில் மூன்றிலொன்று. அங்கி மூன்று கொண்டுவரச் சொன்னோம். இரண்டைக் கொண்டுவந்து, அக்கா கரையோடுதானே போறம் என்று சிரித்தார். மூன்றாவதும் வந்த பிறகுதான் ஏறினோம். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், அவர்கள் கோபிக்கவும் மாட்டார்கள்.

வாய்க்கால் அழகு என்று மட்டும் சொன்னால் பொய். நகரத்துக்குள் வரும் பகுதியில் வீடுகளின் கழிவு நீர் நேரே விழுகிறது, பொலித்தீன் மிதக்கிறது, நாற்றமும் உண்டு. அதைத் தாண்டிக் களப்புக்குள் திரும்பியதும் வேறு உலகம். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் கபரக்கொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் கிடந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. மகன் முதலில் முதலை என்று பயந்தது அந்தக் கபரக்கொய்யாவைத்தான்.

வள்ளக்காரரிடமிருந்து தெரிந்துகொண்ட சங்கதிதான் எனக்கு அன்றைய நாளின் சிறப்பு. களப்பு வாயில் முளை நட்டு வலை கட்டி, இரவில் நீர் வற்றிக் கடலுக்கு இறங்கும்போது கூடவே போகும் றாலைப் பிடிக்கிறார்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது? நல்ல இடமும் உண்டு, வெறும் தண்ணீர் வரும் இடமும் உண்டு. தூவ, பிட்டிப்பன, கடற்கரைத் தெரு, பெரிய தெரு ஆகிய நான்கு இடத்து மீனவர் சங்கங்கள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குகின்றன. பரம்பரை பரம்பரையாக வரும் ஏற்பாடு. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவதற்கு உதாரணமாக ஆராய்ச்சியாளர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் கொண்டோ கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காக நடக்கும் கூட்டங்களில் இருந்து எழும்பி வந்தவர் இவர். இரண்டு தரம் விளக்கம் கேட்டார்.

தூவ கிராமம் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். சின்னச் சின்ன வீடுகள், முற்றத்தில் வலை, சந்திக்குச் சந்தி மாதா சொரூபம். பெரிய வெள்ளிக்கு இங்கே போடும் திருப்பாடுகளின் நாடகம் நாடறிந்தது. அந்த மரபுக்குப் பின்னால் நிற்கிறவர் கோவாவிலிருந்து வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவர் 1742இல் காலமானதும் இந்தப் பக்கத்தில்தான், போலவத்தையில். உயிர்த்த ஞாயிற்றை ஒட்டி ஊருக்கு வருகிறவர்கள், அந்த ஆண்டு நாடகம் இருக்கிறதா என்று கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் வளவில் இருந்த கழிப்பறைதான் அன்று நாங்கள் கண்டதில் ஆகச் சுத்தமானது. திறப்பு வாங்கித் தந்த பெரியவர் காசு கொடுத்தும் வாங்கவில்லை. நகரத்துக்குள் பொதுக் கழிப்பறை ஒன்றுக்குப் போய் வாசலோடு திரும்பினேன். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்துக்கும் போனோம். 2019 ஏப்ரல் 21 காலைப் பூசையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குண்டுக்குப் பலியான இடம். இரத்தத் துளி படிந்த இயேசு சொரூபத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யாரும் வழிகாட்ட வரவில்லை, உண்டியலை நீட்டவில்லை. அமைதியாக இருந்துவிட்டு வந்தோம்.

மத்தியானச் சாப்பாடு பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சாதாரணச் சோற்றுக்கடையில். றால் குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், மறு சோறு கேட்காமலே வந்தது. கடற்கரைத் தெருக் கடைகளின் பட்டியலையும் பார்த்தோம். அங்கே விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் சேரும் என்று இருக்கும், வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். காசாகக் கொஞ்சம் கையில் வைத்திருக்கவும் வேண்டும். சின்னக் கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் படம் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது.

திரும்பும்போதும் ரயிலில் இடம் தாராளம், மாலைக் கூட்டம் எதிர்த் திசையில். ரயில் தவறினால் கவலையில்லை. புறக்கோட்டைக்கு 240 இலக்க பஸ் ஓடுகிறது, அதிவேகப் பாதையால் போகும் ஏசி பஸ்ஸும் உண்டு. அதில் போனால் சீக்கிரம் வீடு போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கருவாட்டுப் பொதியோடு கண்ணாடி பூட்டின பஸ்ஸில் ஏற இவர் மறுத்துவிட்டார்.