பைலோரி கிருமிக்கு எந்தச் சென்சிடிவிட்டி சோதனை? ஒரு மதிப்பீடு

சென்னையில் வயிற்றுப்புண் நோயாளியிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி இருப்பது உறுதியானதும், மருந்துத் தாக்கம் பார்க்காமலேயே இரண்டு வாரச் சிகிச்சையைத் தொடங்குவது வழக்கம். அதற்கும் கிருமி ஒழியாதபோதுதான் சென்சிடிவிட்டி, அதாவது எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற சோதனை, பற்றிய பேச்சே எழுகிறது. அப்போது ஆய்வகம் எந்த முறையில் சோதிக்கிறது என்று மருத்துவர் கேட்டறிவது அவசியம், ஏனெனில் ஒரே கிருமிக்கு முறைக்கு முறை முடிவு மாறக்கூடும்.

அளவுகோலாகக் கொள்ளப்படுவது அகர் டைலூஷன் முறை. ஆட்டு இரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் முல்லர்-ஹிண்டன் அகர் தட்டுகளில் மருந்தைப் படிப்படியாக இரட்டித்த அளவுகளில் சேர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால், ஒரு நோயாளியின் ஒரே மாதிரிக்காக இத்தனை தட்டுகளைத் தயாரிப்பது எந்த ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகாது. பல மாதிரிகளைச் சேர்த்துச் செய்யும் ஆராய்ச்சிக்கே இது பொருந்தும்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இ-டெஸ்ட் பட்டையை. மருந்தின் அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூடிக்கொண்டே போகும் இந்தப் பட்டையைத் தட்டில் வைத்தால், வளர்ச்சியற்ற பகுதியின் விளிம்பு பட்டையைத் தொடும் இடத்தில் எண்ணைப் படித்துக்கொள்ளலாம். இக்கிருமிக்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக்கான கிளாரித்ரோமைசினுக்கு இம்முடிவு அகர் டைலூஷனோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான மெட்ரோனிடசோல் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: உள்ளதைவிட அதிகமான எதிர்ப்பை இ-டெஸ்ட் காட்டுவதுண்டு. ஆகவே, அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஒரு மலிவான மருந்தைக் கைவிடுவதை நான் ஏற்பதில்லை. பட்டைகளின் விலையும் குறைவன்று.

மருந்து தோய்த்த காகித வட்டைத் தட்டில் வைத்து, சுற்றிலும் வளர்ச்சி நிற்கும் பரப்பை அளக்கும் வட்டுப் பரவல் முறை மலிவானது, எளிது. ஆயினும், வளர மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இக்கிருமிக்கு, வேகமாக வளரும் கிருமிகளுக்கென வகுத்த முறை எப்படிப் பொருந்தும்? முறையின் பெயரே இல்லாமல் ‘சென்சிடிவ்’, ‘ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் அச்சிட்டு நகரின் ஓர் ஆய்வகம் அனுப்பிய அறிக்கை என் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு மருந்து எழுத முடியாது.

இம்மூன்றுக்கும், எண்டோஸ்கோபியில் எடுத்த வயிற்றுத் திசுவில் உயிருள்ள கிருமி வேண்டும் என்பதே சென்னையில் பெரிய சிக்கல். ஐந்து சதவீத ஆக்சிஜனில் வளரும் இதை, சித்திரை வெயிலில் பெரம்பூரிலிருந்து அடையாறுக்கு வெறும் உப்புநீரில் பைக்கில் அனுப்பினால் கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் சோதனையில், எதுவும் வளராதிருக்கவே வாய்ப்பு அதிகம். உரிய டிரான்ஸ்போர்ட் மீடியத்தில், 4 டிகிரி குளிரில், 24 மணி நேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும்.

கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை இந்தத் தலைவலியிலிருந்து விடுவிக்கிறது. கிருமி இறந்திருந்தாலும் 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் 2142, 2143 ஆகிய இடங்களில் உள்ள மாற்றங்களைக் கண்டு, கிளாரித்ரோமைசின் எதிர்ப்பைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். எண்டோஸ்கோபியே வேண்டாதபடி மலத்திலும் செய்யலாம். எதிர்ப்புள்ள கிருமியும் இல்லாததும் ஒரே வயிற்றில் கலந்திருப்பதைப் பிடிப்பதில் கல்ச்சரைவிட இதுவே மேல். மெட்ரோனிடசோலுக்கு மட்டும் உதவாது, அந்த எதிர்ப்பு ஒரே மரபணு மாற்றத்தில் அடங்குவதில்லை.

எனவே, முதல் சிகிச்சைக்கு முன்பாக என்றால் பி.சி.ஆர். போதும். இரண்டு சுற்று மருந்தும் தோற்ற நோயாளிக்குச் செலவைப் பாராமல் கல்ச்சரும் இ-டெஸ்டும் கேட்கலாம். எதுவானாலும், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் முன்னதாகவே மருத்துவரின் ஆலோசனையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.