மேமோகிராமை முதலில் யார் பார்ப்பது, மருத்துவரா ஏஐயா?

ஐரோப்பாவில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக எடுக்கும் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தைப் பல நாடுகளில் இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆயிரம் பெண்களில் ஐந்தாறு பேருக்குத்தான் புற்று தென்படும். மற்ற படங்களையும் அதே கவனத்தோடு பார்த்தாக வேண்டும். இந்த வேலையில் ஏஐயை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதல் வழியில் ஏஐ முந்திக்கொண்டு கருத்துச் சொல்லும். அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவெடுப்பார். எனக்கு இதுதான் பயம். 2023இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 27 மருத்துவர்களிடம் மேமோகிராம்களைக் கொடுத்து, சில படங்களுக்கு ஏஐ சொன்னதாக வேண்டுமென்றே தவறான கருத்தைக் காட்டினார்கள். கருத்து சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் படங்களைச் சரியாக வகைப்படுத்தினார்கள். தவறாக இருந்தபோது அது 20 சதவீதத்துக்கு இறங்கியது. சரி, பழுத்த அனுபவசாலிகள் தப்பித்தார்களா? இல்லை. அவர்களும் 82இலிருந்து 45.5க்குச் சரிந்தார்கள். முதலில் காதில் விழுந்த கருத்து கண்ணை எவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறது பாருங்கள்!

இரண்டாவது வழி, ஏஐயை வைத்துப் படங்களைப் பிரிப்பது. ஸ்வீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மசாய் ஆய்வில் மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை ஆபத்து மதிப்பெண் கொடுத்தது. 10 வாங்கிய படத்துக்கு இரண்டு மருத்துவர், மற்றவற்றுக்கு ஒருவர். படம் பார்க்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடிப்பும் குறையவில்லை: ஆயிரத்துக்கு 6.1, பழைய முறையில் 5.1. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மதிப்பெண் மருத்துவரின் கண்ணிலும் படுகிறது. அதனால் முதல் வழியின் ஆபத்து இங்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வழியில் மருத்துவர் முதலில் முடிவெடுக்கிறார். அவர் ‘சாதாரணம்’ என்று பதிந்த படத்தில் ஏஐக்குப் பலத்த சந்தேகம் இருந்தால் மட்டும் ‘இன்னொரு முறை பாருங்கள்’ என்று அது எச்சரிக்கும். ஜெர்மனியில் 4,63,094 பெண்களை உள்ளடக்கிய பிரைம் ஆய்வில், இந்த எச்சரிக்கை வழியாக 204 பேரின் புற்றுநோய் தெரியவந்தது. ஏஐ இல்லாத குழுவைவிட மொத்தக் கண்டுபிடிப்பு 17.6 சதவீதம் அதிகம். அந்த மென்பொருள் தெளிவாகச் சாதாரணமான படங்களை முன்கூட்டியே குறித்தும் காட்டியது என்பதால், முழுப் பெருமையும் எச்சரிக்கைக்கே சேராது. அப்படியும் அந்த 204 பெண்களை நினைத்தால் எனக்கு மூன்றாவது வழிதான் உயர்ந்தது. நேரம் மிச்சமாவது இரண்டாவது பலன்தான்.

இந்தியாவில் ஒரு மேமோகிராமைப் பெரும்பாலும் ஒரே மருத்துவர்தான் பார்க்கிறார். அவர் தவறவிட்டால் பிடிக்க இன்னொரு ஜோடிக் கண் கிடையாது. அதனால் மென்பொருள் வாங்கும் மருத்துவமனைகள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மருத்துவர் தன் முடிவைப் பதியும்வரை ஏஐயின் கருத்தை மறைத்து வைக்க வசதி இருக்கிறதா என்பதைத்தான். வேகம், விலை எல்லாம் அப்புறம்.