சப் டிபி போடப் போகிறீர்களா? எர்த் வயரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

சப் டிபி (வீட்டின் பெரிய மின்பெட்டியான டிபியிலிருந்து பிரித்துப் போடும் சின்னப் பெட்டி) போட்டதில் 2,800 வெள்ளி (ரிங்கிட்) போச்சு. வாங்கிக்கொண்டு போன வயர்மேன் போனை எடுப்பதில்லை, அவனை அனுப்பிவைத்த செயலிக்காரர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறார்கள். சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இதே ஆள் கை வைத்திருக்கிறானோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

பின்கட்டுச் சமையலறையை இழுத்துக் கட்டினோம். ஹீட்டர், வாஷிங் மெஷின், ஏர்கோன் எல்லாம் அங்கேதான், அதற்குத் தனியாக ஒரு சப் டிபி. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பிடித்தோம். படத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக், சரிபார்க்கப்பட்ட வயர்மேன் என்று போட்டிருந்தது. வந்தவன் நம் தமிழ்ப் பையன், பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவனாம். அம்மாவைப் பாட்டி பாட்டி என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தான். "அண்ணே, இது என் வீடு மாதிரி, நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்தோம்.

வேலை நடக்கும்போதே பெரிய டிபியில் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தது. சாயங்காலம் "சரி பண்ணிட்டேன், இனி விழாது" என்றான். விழவே இல்லை. ஒருநாள் அம்மா ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டு, ஷாக் அடித்துச் சுவரில் மோதி விழுந்தார். அப்போதும் இஎல்சிபி விழவில்லை.

பதிவு பெற்ற வேறொரு வயர்மேனைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றச் சொன்னோம். பெரிய டிபியிலிருந்து பழுப்பு லைவ் வயரும் நீல நியூட்ரல் வயரும் மட்டும்தான் வந்திருக்கிறது, பச்சை மஞ்சள் எர்த் வயரே இல்லை. சப் டிபிக்குள் நியூட்ரல் வயர்கள் சேரும் உலோகப் பட்டையையும் எர்த் வயர்கள் சேரும் பட்டையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டி, வெளியே ஒரு முழ இரும்புக் கம்பியை மண்ணில் செருகியிருந்தான். நியூட்ரல் கரண்ட் அந்த வழியாக மண்ணுக்குக் கசிந்ததால்தான் இஎல்சிபி விழுந்திருக்கிறது. அதற்கு அவன் செய்த வைத்தியம், இஎல்சிபிக்கு முன்னாலேயே வயரை எடுத்து, அதன் வழியாகப் போகாமல் நேராகச் சப் டிபிக்குக் கொண்டுபோனது! பிறகு நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்ததும், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்தத் துண்டுக் கம்பி வழியாக எர்த் பக்கம் வந்து, மெஷின் உடம்பெல்லாம் கரண்ட். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பி 20 ஓம் காட்டினால்கூட 230 வோல்ட்டில் பன்னிரண்டு ஆம்பியர்கூடப் போகாது, அளவுக்கு மேல் கரண்ட் போனால் மட்டும் விழும் 32 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையாது என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது.

செயலியில் புகார் போட்டேன். படம் அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். வயர்மேனிடமே பேசுங்கள் என்றார்கள். அப்புறம் வேலையில் "வாடிக்கையாளர் திருப்தி" பதிவாகிவிட்டது, பணம் திரும்பாது என்றார்கள். நான் எழுதிய விமர்சனத்தையும் காணவில்லை. 2,800 வெள்ளி, ஒரு காசு வரவில்லை, அதைப் பிரித்துத் திரும்பப் போடுகிற செலவு தனி.

விவரமாக எழுத இப்போது மனசில்லை, இதை மட்டும் பாருங்கள். சப் டிபிக்குப் பெரிய டிபியிலிருந்து எர்த் வயர் வர வேண்டும், உள்ளே எர்த்தும் நியூட்ரலும் சேரவே கூடாது. ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் இஎல்சிபி கேளுங்கள். இஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையால் அழுத்தி, அது விழுந்து சப் டிபியிலும் கரண்ட் நின்றால் மட்டும் பணம். சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) பதிவு அட்டையைக் காட்டாதவனை வீட்டுக்குள் விடாதீர்கள். நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறேன், இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.