ஃபேமிகாம் கேசட்டுகளின் வடிவமைப்பு: ஒரு மதிப்புரை

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற வீடியோ கேம் இயந்திரத்தை, சுருக்கமாக ஃபேமிகாமை, இன்று தேடி வாங்குவோர் பெரும்பாலும் விளையாட்டுகளுக்காகவே வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் விளையாட்டை ஒதுக்கிவிட்டு, இயந்திரத்தில் செருகும் கேசட்டை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தாலும் அது சேர்த்துவைக்கத் தகுந்த பொருள்தான் என்பது என் உறுதியான கருத்து.

கேசட்டுகளின் நிறத்திலும் உருவத்திலும் காணப்படும் செழுமைக்குக் காரணம் வணிக ஏற்பாடு ஒன்றே. தொடக்கத்தில் உரிமம் பெற்ற நாம்கோ, கொனாமி, ஐரெம் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் கேசட்டுகளைத் தாங்களே தயாரித்துக்கொள்ள நின்டெண்டோ இடம் கொடுத்தது. 60 முனைகள் கொண்ட இணைப்பு பொருந்தினால் போதும். ஓட்டின் (வெளிப்புறப் பிளாஸ்டிக் உறையின்) உயரம், நிறம், லேபிளின் அமைப்பு ஆகியவை அவரவர் விருப்பம். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் இயந்திரத்தின் கேசட்டுகளோ, தங்க நிற ஓட்டில் வந்த செல்டா விளையாட்டு போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறத்தில், உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகைக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு பெரிய பெட்டிகளாக இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஜப்பானிய வடிவமே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நின்டெண்டோவின் முதல் கேசட்டுகளின் லேபிளில் படம் இல்லை. தலைப்பும் துடிப்பு அலையைப் போன்ற ஒரு கோடும் மட்டுமே உண்டு. அந்த அடக்கம் இன்றும் அழகாக இருக்கிறது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மஞ்சள் ஓட்டில் படத்தோடு வந்தபோது அலமாரியில் அது தனியே தெரிந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை ஐரெமின் தொடக்கக் காலக் கேசட்டுகள். ஸிப்பி ரேஸ், ஸ்பெலங்கர் ஆகியவற்றின் முதல் பதிப்புகளில் ஓட்டின் முகப்பில் சிறிய சிவப்பு எல்இடி விளக்கு ஒன்று உண்டு. மின்சாரம் ஓடும்போது அது எரியும். இயந்திரத்தை அணைக்காமல் கேசட்டைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதைக் கண்ணுக்குக் காட்டும். பின்னர் வந்த பதிப்புகளில் விளக்கை நீக்கிவிட்டார்கள். விளையாட்டின் இயக்கத்துக்கு அது தேவையில்லைதான். ஆனால் விளையாடும் குழந்தையை மனத்தில் வைத்து யாரோ ஒருவர் சிந்தித்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது. அதனால்தான் விளக்கில்லாப் பதிப்பை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

கொனாமியின் லாக்ராஞ்ச் பாயிண்ட் (1991) வழக்கமானவற்றைவிடப் பெரிய கேசட். அந்தப் பருமன் வெறும் ஆடம்பரமன்று, ஏனெனில் அதனுள் எஃப்எம் முறையில், அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் மாற்றி, ஒலி எழுப்பும் விஆர்சி7 சில்லு இருக்கிறது. ஃபேமிகாம் தன் ஒலியைக் கேசட்டுக்குள் ஒரு முனை வழியே அனுப்பி மற்றொரு முனை வழியே திரும்பப் பெற்றுக்கொள்வதால், கேசட் தன் சொந்த ஒலியையும் அதில் கலக்க முடிகிறது. என்இஎஸ்ஸின் கேசட் துளையில் இந்த வழி இல்லை. சன்சாஃப்டின் பேஸ்பால் விளையாட்டிலும் ஃபேமிகாமில் செருகும் பண்டாயின் டேட்டாக் துணைக்கருவியிலும் பெரிய கேசட்டின் மேல் சிறிய கேசட்டைச் செருகும் ஏற்பாடு உண்டு. புதுமை என்ற அளவில் பாராட்டலாம், ஆனால் சிறிய துண்டுகள் எளிதில் தொலைந்துபோகும்.

குறைகளும் இருக்கின்றன. பல கேசட்டுகளில் லேபிள் முகப்பில் மட்டுமே உள்ளது. அடுக்கிவைத்தால் எது எதுவென்று தெரியாமல் ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஓடுகளில் திருகு இல்லை, உள்ளே மாட்டும் பற்களே இரு பாதிகளையும் பிடித்திருக்கின்றன. 1988இன் டிராகன் குவெஸ்ட் 3 போல, சேமிப்புக்காக மின்கலம் பற்றவைக்கப்பட்ட கேசட்டுகளில் இது பெரிய தொல்லை. மின்கலத்தை மாற்ற ஓட்டைத் திறக்கும்போது பழைய பிளாஸ்டிக் பற்கள் ஒடிந்துவிட வாய்ப்பு அதிகம். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்துப் பொறுமையாக நகர்த்த வேண்டும். உலோகக் கருவியைத் தொடவே கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் அரியவற்றைத் துரத்தாமல் மாரியோவின் மஞ்சள் கேசட்டோடு தொடங்கலாம். ஐரெம் கேசட்டை வாங்குவதாக இருந்தால், இயந்திரத்தில் செருகி விளக்கு எரியும் நிலையில் எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கொடுங்கள்.