கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு எந்த வண்டி? அத்திவா, எக்ஸ்50, டபிள்யூஆர்-வி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய சாலையிலிருந்து அம்மா வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் தார், மீதி இரண்டு செம்மண். பனம்பழக் குலை ஏற்றிய லோரிகள் போய்ப் போய் அந்த இரண்டு கிலோமீட்டரும் நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம் என்று ஆகிவிட்டது. போன வருடம் வரை என்னிடம் இருந்தது ஒரு பழைய, தாழ்வான செடான். மழை பெய்த மறுநாள் அந்த நடுமேடு வண்டியின் அடியில் உரசும்போது என் வயிற்றையே யாரோ அரத்தால் தேய்ப்பது போல இருக்கும்.

அம்மா நான் இருக்கும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வர மாட்டார். முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவிய தோட்டம் அது. மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆனாலும் அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். மாதம் இரண்டு முறை ஈப்போவில் மூட்டு வைத்தியம், வாரக் கடைசியில் சாமான். எனக்கு வண்டி என்றால் இதுதான் வேலை.

ஆறு மாதத்துக்கு முன் நான் எடுத்தது பெரோடுவா அத்திவா. அதற்கு முன்பே மச்சான் புரோட்டோன் எக்ஸ்50 வைத்திருந்தார். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஹோண்டா டபிள்யூஆர்-வி எடுத்திருந்தார். மூன்றையும் ஓட்டிவிட்டேன், மூன்றும் அம்மா வீட்டு வாசல் வரை போய் வந்தவை. கடையில் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிற கதை இல்லை இது.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். அத்திவா 2021 மார்ச்சில் வந்தபோது 61,500 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கியது. எக்ஸ்50, 2020 அக்டோபரில் 79,200 வெள்ளியில் தொடங்கி 103,300 வரை போனது. டபிள்யூஆர்-வி 2023 ஜூலையில் 89,900 முதல் 107,900 வரை. இவையெல்லாம் அறிமுக விலை, இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத் தவணையில் போட்டால் எல்லாமே கட்ட முடிகிற தொகையாகத்தான் தெரியும். அந்த மயக்கத்தில் ஒருபடி மேலே போனவர்கள் எங்கள் தாமானிலேயே நிறைய.

சரி, செம்மண்ணுக்கு வருவோம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி அத்திவாவில் 200 மில்லிமீட்டர், டபிள்யூஆர்-வியில் 220. காகிதத்தில் இரண்டு விரல் கனம்தான் வித்தியாசம். ஆனால் அம்மா வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிமெண்டுக் குழாய்ப் பாலம் இருக்கிறது, அதன் இருபுறமும் மண் அரித்துப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்தில் நண்பரின் வண்டி மூச்சுக்கூட விடாமல் ஏறி இறங்கியது. என் வண்டியைக் கொஞ்சம் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே என்று ஏற்ற வேண்டும். பழகிவிட்டால் கஷ்டமில்லை.

எக்ஸ்50-இல் பிரச்சினை அடிவயிற்றில் இல்லை, மூக்கில். வண்டியின் நீளம் 4,330 மில்லிமீட்டர், அத்திவா 4,065 தான். முன் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது முதலில் போய் இடிக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் மச்சான் நேராக ஏற்றினார், முன்பக்கத்துக் கீழ் உதடு மண்ணைக் கவ்வியது. வண்டி மேல் தப்பில்லை, நகரத்துச் சாலைக்கு வரைந்த முகம் அது. இறங்கிப் பார்த்துவிட்டு, "இது ரோடாடா, வாய்க்காலாடா?" என்றார். வாய்க்கால்தான் மச்சான், நாங்கள்தான் ரோடு என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்றுமே முன்சக்கர இழுவை, மூன்றிலும் நான்கு சக்கர இழுவை கிடையாது. உயரமாக இருக்கிறதே என்று நம்பி டிசம்பர் மழையில் சேற்றுக்குள் விட்டால் மூன்றையும் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். நாங்கள் ஒரு முறை இழுத்தோம். யாருடைய வண்டி என்று கேட்காதீர்கள், எழுதுகிறவனுக்கும் மானம் உண்டு.

எஞ்சினைப் பற்றிப் பேச சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலைதான் சரியான இடம். அத்திவாவில் இருப்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ: 98 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டபிள்யூஆர்-வியில் டர்போ இல்லாத 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர்: 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஹோண்டா சுலபமாக ஏறிவிடும் என்று தோன்றும். ஆனால் அதன் முழு முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,300 சுழற்சியில்தான் வருகிறது. அத்திவாவுக்கு 2,400-லேயே வந்துவிடுகிறது. அதனால் நாலு பேரும் காய்கறி மூட்டையும் ஏறிய வண்டியில் வளைவுக்கு வளைவு என் சின்ன எஞ்சின் முனகிக்கொண்டே ஏறும், நண்பரின் எஞ்சின் கத்திக்கொண்டே ஏறும். போய்ச் சேருவது இரண்டும் ஒரே நேரத்தில்தான். மச்சான் வண்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 150 குதிரைத்திறன், 226 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுழற்சியிலிருந்தே. மலைச்சாலையில் லோரியை முந்த வேண்டும் என்றால் அவர் காலை அழுத்துகிறார், நான் சாமியைக் கும்பிடுகிறேன். (2025-இல் வந்த புதிய எக்ஸ்50-க்கு நான்கு சிலிண்டர் எஞ்சின், 181 குதிரைத்திறன். மச்சானிடம் இருப்பது பழைய மூன்று சிலிண்டர்தான்.)

ஆனால் ஊர்ந்து போகிற இடத்தில் கதை மாறும். எக்ஸ்50-இன் கியர்பெட்டி இரட்டை கிளட்ச் வகை. நெடுஞ்சாலையில் வெண்ணெய் மாதிரி. சேற்றில் அரை அடி அரை அடியாக நகர்த்தும்போது மற்ற இரண்டின் சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்) வழுக்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அத்திவாவின் சிவிடி குறைந்த வேகத்தில் பெல்ட்டில் ஓடும், வேகம் கூடினால் பல்சக்கரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். அதனால் டோல் சாலையில் எஞ்சின் இரைச்சல் அடங்கிவிடுகிறது.

பெட்ரோல். மாதம் சுமார் 1,400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், பாதி ஊருக்குள், பாதி ஈப்போ சாலை. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது, ஆக 100 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் வந்த புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தில் மைகார்டை (அடையாள அட்டை) காட்டினால் லிட்டர் 1.99 வெள்ளி, மாதக் கணக்கு 199 வெள்ளி. குறை என்னவென்றால் தாங்கி சின்னது, 36 லிட்டர்தான். பினாங்கு போய் வர ஒரு முழுத் தாங்கி போதும், ஆனால் திரும்பும்போது கண் அடிக்கடி ஊசியின் மேல் போகும். மச்சானுக்கு 45 லிட்டர், அந்தக் கவலை இல்லை. சாலை வரியில் மட்டும் நான் சிரிப்பேன்: ஒரு லிட்டருக்குள் எஞ்சின் என்பதால் வருடம் 20 வெள்ளி. ஒரு குடும்பம் மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து எழுந்தால் அதைவிடக் கூட ஆகும்.

இனி அம்மாவின் முட்டி. எந்த விமர்சனத்திலும் இதைப் பார்க்கவில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம். முட்டி வலிக்காரர்களுக்கு இருக்கை தாழ்வாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப உயரமாகவும் இருக்கக் கூடாது, இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்கி உள்ளே வைக்கிற மாதிரி. எக்ஸ்50-இன் முன் இருக்கை ஓட்டுகிறவனைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இரு பக்கமும் எழும்பி இருக்கிறது, அந்த ஓரத்தைத் தாண்டி வெளியே வர அம்மாவுக்கு மச்சானின் கை வேண்டியிருந்தது. டபிள்யூஆர்-வியில் ஏறச் சற்று எம்ப வேண்டும், இறங்குவது சுலபம். அத்திவாவில் கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே உட்கார்ந்துவிட்டார். "இந்தக் காடி ஒட்டுக்கடை பெஞ்சு மாதிரி இருக்குடா" என்றார். அம்மா அகராதியில் அது பெரிய பாராட்டு. நான் முன்பணம் கட்டியது அந்த வாரம்தான்.

பின்பெட்டியில் ஒரு வேடிக்கை. மூன்றில் நீளமான வண்டிக்குத்தான் இடம் குறைவு: எக்ஸ்50-க்கு 330 லிட்டர், அத்திவாவுக்கு 369, டபிள்யூஆர்-விக்கு 380. பின்பக்கம் அழகாகச் சரிந்து வருவதற்குக் கொடுக்கும் விலை அது. ஒரு கேஸ் தோங் (சிலிண்டர்), பத்துக் கிலோ அரிசி இரண்டு பை, அம்மாவின் மடக்கு நடைச்சட்டம், ஒரு வாழைத்தார். இவ்வளவும் என் வண்டியில் கதவைச் சாத்தி அடைபடும், மச்சான் வண்டியில் வாழைத்தார் பின் இருக்கையில் பெல்ட் போட்டு வரும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடச் சாமான் ஏற்றும்போது வீட்டில் யாரும் எக்ஸ்50-ஐத் தேடுவதில்லை.

மற்றபடி உள்ளே உட்கார்ந்தால் மச்சான் வண்டிதான் ராஜா, அதை மறைக்க மாட்டேன். கதவு சாத்துகிற சத்தமே வேறு. சிக்னலில் நிறுத்தினால் பிரேக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். என் வண்டியில் இன்னும் கையால் இழுக்கிற பிரேக், நிற்கும்போது மூன்று சிலிண்டரின் லேசான நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும்.

தோட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு: எலி. பனம்பழத்துக்கு வருகிற எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் என் எஞ்சினுக்குள் ஆந்தை வராதே. அம்மா வீட்டில் ஒரு ராத்திரி நிறுத்தினேன். காலையில் கண்ணாடி துடைக்கத் தண்ணீர் அடித்தால் வரவில்லை, ரப்பர் குழாய் இரண்டு துண்டு. அம்மா பண்டான் இலையைக் கட்டிவிட்டார், அடுத்த வாரம் எலி அதன் மேலேயே படுத்திருந்த அடையாளம். பட்டறைக்காரர் சொன்ன வழிதான் வேலை செய்கிறது: ராத்திரி பானெட்டைத் திறந்தே வை, வெளிச்சம் பட்டால் தங்காது. எந்த வண்டியானாலும் இது பொது. ஆனால் குழாய் உடனே கிடைக்குமா என்பது பொது இல்லை. எனக்கு எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைத்தது, பெரோடுவா சாமான் இல்லாத உதிரிபாகக் கடையை இங்கே நான் பார்த்ததில்லை. நண்பருக்கு இதே போல் ஒன்று ஆனபோது ஈப்போ போக வேண்டியிருந்தது.

ஆக, வாரம் ஒரு முறை கோலாலம்பூர் போகிறவர், தோட்டப் பக்கம் தீபாவளிக்கு மட்டும் தலை காட்டுகிறவர் என்றால் எக்ஸ்50 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தினமும் செம்மண், கையில் கொஞ்சம் காசும் உண்டு என்றால் டபிள்யூஆர்-வி, அந்த இருபது மில்லிமீட்டருக்காகவே. எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அத்திவா.

மச்சான் இப்போதெல்லாம் அம்மாவைப் பார்க்க வந்தால் தார் முடிகிற இடத்தில், கோயில் அரசமரத்தடியில் எக்ஸ்50-ஐ நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுகிறார். "வந்து ஏத்திக்கோடா, மீதியை உன் பெஞ்சுலயே போவோம்."