கொழுந்து வாட்டும் விசிறிக்கு யாஸ்காவா ஜிஏ500: மலையில் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

தேயிலைத் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஓடுவது வாட்டும் தொட்டியின் விசிறிதான். வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் சில மணிநேரம் ஓடி நின்றுவிடும். விசிறியோ 12 முதல் 18 மணிநேரம் வரை ஓய்வதில்லை. மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுச் சாதனமான டிரைவ் ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை ரோலருக்கு அல்ல, விசிறிக்கே போட வேண்டும். அந்த வேலைக்கு ஜப்பானின் யாஸ்காவா தயாரிக்கும் ஜிஏ500 நல்ல பொருள். ஆனால் கொழும்பில் பொருத்துவதுபோல நுவரெலியாவில் பொருத்தினால் அது ஏமாற்றிவிடும்.

யாஸ்காவா என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ரோபோ. ஆனால் 1915இல் கியூஷூ தீவில், இன்றைய கித்தாகியூஷூ நகரில் தொடங்கியபோது அது வெறும் மோட்டார் நிறுவனம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். நீர் இறைக்கவும் காற்று ஊதவும் கரி ஏற்றவும் மோட்டார் கேட்டவை அவைதான். அங்கிருந்து அது வளர்ந்த விதத்தைக் கவனித்தால் ஒரு தொடர்ச்சி தெரியும். 1958இல் மினர்ஷியா என்ற விரைந்து பணியும் நேர்மின் சர்வோ மோட்டார், 1974இல் இன்றைய டிரைவின் முன்னோடியான, டிரான்சிஸ்டரில் இயங்கும் இன்வெர்ட்டர், 1977இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் மோட்டோமன் எல்10 ரோபோ. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் தீர்க்கப் பார்த்தது, மோட்டாரைச் சொன்ன வேகத்தில் சொன்ன நேரத்தில் ஓட வைப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைத்தான். டிரைவை வெறும் மின்னணுப் பெட்டியாக நினைக்காமல், மறுமுனையில் இருக்கும் மோட்டாரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது இந்தச் சாதனத்தின் பாதுகாப்பு அமைப்புகளில் தெரிகிறது. சந்தையில் இதைவிட மலிவான டிரைவ்கள் நிறைய உண்டு. பழைய மோட்டாரோடு வேலை செய்யும்போதுதான் வித்தியாசம் புரியும்.

மின்சாரம் எப்படி மிச்சமாகிறது? விசிறியின் வேகத்தைக் குறைத்தால் காற்று அதே விகிதத்தில் குறையும், அழுத்தம் வேகத்தின் இருமடி விகிதத்தில் குறையும், இழுக்கும் திறன் மும்மடி விகிதத்தில் குறையும். டிரைவ் மோட்டாருக்குத் தரும் மின்சாரத்தின் அலைவெண்ணை முழு வேகமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் காற்று 80 சதவீதம், திறன் ஏறக்குறைய 51 சதவீதம். 5.5 கிலோவாட் விசிறி ஒன்று 14 மணிநேரம் முழு வேகத்தில் ஓடினால் 77 யூனிட். முதல் 6 மணிநேரம் 50 ஹெர்ட்ஸ், மீதி 8 மணிநேரம் 40 ஹெர்ட்ஸ் என்று ஓட்டினால் கணக்குப்படி 55 யூனிட் சொச்சம். டிரைவின் சொந்த இழப்பால் நடைமுறையில் இது சற்றுக் கூடும். விசிறியின் வாயைப் பலகையால் மறைத்துக் காற்றைக் குறைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அச்சு விசிறியில் அப்படி மறைத்தால் மின்சாரம் குறையாது, கூடவும் செய்யலாம்.

அதற்காக வேகத்தை இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. 30 ஹெர்ட்ஸில் அழுத்தம் 36 சதவீதம்தான் மிஞ்சும். கொழுந்து தடிப்பாகக் கிடக்கும் இடத்தில் காற்று ஊடுருவாது. அடிக்கொழுந்து சூடேறிச் சிவக்கும், மேல்கொழுந்து பச்சையாகவே நிற்கும். மழைநாளில் வரும் ஈரக் கொழுந்துக்கு மேல்நீர் போகும் வரை முழு வேகம் கட்டாயம் வேண்டும். அதற்குப் பிறகே குறைப்பு. கீழ் எல்லையை 30 ஹெர்ட்ஸில் பூட்டிவைப்பது நல்லது. எத்தனை மணிக்கு இறக்குவது என்பதை தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்தும், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் வித்தியாசத்தைப் பார்த்தும் முடிவு செய்யட்டும். மின்பணியாளரிடம் விடக் கூடாத முடிவு அது.

இனி உயரம். கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். இந்த டிரைவ் 1,000 மீட்டர் உயரம் வரைதான் முழு ஆம்பியரைத் தரும். அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கழிக்க வேண்டும், ஏனென்றால் மெலிந்த காற்று வெப்பத்தை நன்றாகக் கொண்டுபோகாது. தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கழிவு 2 சதவீதம் அளவில் இருப்பதால் பெரிதாகத் தெரியாது. 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் அது 9 சதவீதத்தைத் தொடும். மாதிரி எண்ணில் வரும் நான்கு இலக்கங்களில் முதல் 4 என்பது 400 வோல்ட் வகுப்பு. அடுத்த மூன்றும் சாதாரணச் சுமைக்கான ஆம்பியர். 5.5 கிலோவாட் மோட்டார் 11 ஆம்பியர் அளவில் இழுக்கும். 4012 என்ற அளவு கொழும்பில் அதற்குப் போதும். நுவரெலியாவில் 12 ஆம்பியர் 11க்குக் கீழே இறங்கிவிடுவதால் 4018 வாங்க வேண்டும். காற்று மெலிந்தால் விசிறியின் சுமையும் குறையுமே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் மோட்டாரும் 1,000 மீட்டருக்கே கணக்கிடப்பட்டது. அந்தச் சலுகையை மோட்டாருக்கு விட்டுவிட்டு டிரைவை ஒரு படி பெரிதாக எடுப்பதே பாதுகாப்பு.

வயரிங்கில் நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். மோட்டார் முனையில் பவர் ஃபாக்டர் கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் ஓட்டியவுடன் மிகைமின்னோட்டப் பழுது காட்டும். 400 வோல்ட் டெல்டா (சுருள்களை முக்கோணமாக இணைக்கும் முறை) என்று தகட்டில் இருக்கும் மோட்டாரை டெல்டாவிலேயே நிரந்தரமாகக் கட்ட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கான்டாக்டர் சுவிட்சை ஓடும்போது திறக்கக் கூடாது. பூமி இணைப்பு 10 ஓமுக்குள் இருக்க வேண்டும், பாறை மண்ணில் ஒரே கம்பியால் இது கிடைக்காது. மின்காப்பை அளக்கும் மெகர் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது டிரைவின் கேபிளைக் கழற்றிய பிறகே சோதிக்க வேண்டும். பலமுறை சுற்றுக் கட்டிய பழைய மோட்டாராக இருந்தால் கேபிளைச் சுருக்கமாக வைத்து, டிரைவின் சி6-02 என்ற அமைப்பு எண்ணில் கேரியர் அலைவெண்ணையும் (டிரைவ் உள்ளே மின்சாரத்தை வெட்டிவிடும் வேகம்) குறைத்துவிடுங்கள்.

அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது, வோல்ட்டும் அலைவெண்ணும் சேர்ந்து ஏறும் விதத்தைத் தீர்மானிக்கும் இ1-03, இ1-04, இ1-06. பதிப்பைப் பொறுத்து இவை 60 ஹெர்ட்ஸுக்கு இருக்கலாம். ஜப்பானின் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, யாஸ்காவாவின் சொந்த ஊரும் அங்கேதான். அப்படியே விட்டால் 50 ஹெர்ட்ஸில் மோட்டாருக்கு ஆறில் ஐந்து பங்கு வோல்ட்தான் போகும். மோட்டார் சூடாகும், காரணம் தெரியாமல் பேரிங்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இ1-03இல் 50 ஹெர்ட்ஸ் விசிறிக்கான 4 அல்லது 5ஐத் தேர்ந்தெடுக்கலாம். சி6-01இல் 1, அதாவது சாதாரணச் சுமை. இ2-01இல் மோட்டார் தகட்டில் இருக்கும் ஆம்பியர். வேகம் ஏறும் நேரமான சி1-01, இறங்கி நிற்கும் நேரமான சி1-02 இரண்டும் 30 முதல் 60 விநாடி. நிறுத்தும் நேரத்தை 5 விநாடி என்று சுருக்கினால், சுழலும் விசிறி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளி மிகைவோல்ட் பழுது வரும். காற்றோட்டத்தில் தானாகப் பின்புறம் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியை ஓட்ட வேண்டியிருந்தால் பி3-01ஐ 1 ஆக்க வேண்டும். தகரக் கூண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்தால் டி3-01இல் அந்த அலைவெண்ணைத் தாண்டச் சொல்லலாம். பி1-17ஐ மட்டும் 0விலேயே விடுங்கள். அது 1 ஆனால், மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, உள்ளே துப்புரவு செய்பவர் இருக்கும்போதே விசிறி சுற்றத் தொடங்கிவிடும். மூடியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. டிரைவின் கூட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஐபி20 மட்டுமே, அதாவது விரல் நுழையாது, தூசும் நீரும் நுழையும். மூடுபனி நுழையும் மாடியில், தேயிலைத் தூசு பறக்கும் இடத்தில் தனிப்பெட்டி இல்லாமல் வைக்கவே கூடாது. அந்தப் பெட்டிக்குள் காற்று போக வேண்டும், தூசு போகக் கூடாது, ஆகவே வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். வெப்பத்தட்டில் பஞ்சுபோல் தூசு அடைந்தால் வெப்பப் பழுது வரும். நீண்ட நாள் மூடியிருந்த பிறகு ஓட்டுவதானால் பெட்டிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரை சிறியது. எண்களையும் குறிகளையும் பழகாதவர் இரவு வேளையில் பழுதைப் படிக்கத் திணறுவார். ஓவி, ஓசி, ஓஎல்1, பிஎஃப் என்ற நான்கின் பொருளையாவது தமிழில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். முதலாவது மிகைவோல்ட், இரண்டாவது மிகைமின்னோட்டம், மூன்றாவது மோட்டார் மிகைச்சுமை, கடைசியாக உள்ளே வரும் பேஸ் ஒன்று போயிருப்பது. மலையில் பேஸ் போவது அபூர்வமல்ல, ஆகவே எல்8-05ஐ 1 ஆக்கி வைத்தால் டிரைவைக் காப்பாற்றும். இடிமின்னலைத் தாங்கும் வேலையை டிரைவிடம் எதிர்பார்க்க முடியாது. தனி சர்ஜ் அரெஸ்டர் கட்டாயம்.

மெச்ச வேண்டிய ஒன்று: முதன்மை மின்சாரம் இல்லாமலே யூஎஸ்பி கேபிளில் கணினியை இணைத்து எல்லா அமைப்பையும் எழுதவும் சேமிக்கவும் முடியும். பத்துத் தொட்டி இருக்கும் இடத்தில் ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டு மற்றவற்றுக்கு அதையே ஏற்றலாம். அந்தக் கோப்பின் பிரதி ஒன்று தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை மோட்டாரை ஓடத் தொடங்க வைத்த பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். 80 அடி நீளம், 6 அடி அகலத் தொட்டியில் சதுர அடிக்கு 2.5 கிலோ வீதம் 1,200 கிலோ கொழுந்து கிடக்கும். நள்ளிரவில் டிரைவ் நின்றால் மாற்று வழி உடனே வேண்டும். டிரைவ் ஒரு பக்கம், பழைய ஸ்டார்ட்டர் மறுபக்கம் என மாற்றுச் சுவிட்ச் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் மோட்டாரோடு சேராதபடி இயந்திரப் பூட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் மெயின் மின்சாரம் டிரைவின் வெளியீட்டுக்குள் புகுந்து டிரைவையே எரித்துவிடும்.